வெடிக்கும் முன்பே காட்டிக்கொடுக்கும் வாயு: டிரான்ஸ்பார்மருக்கும் இருக்கு ‘ரத்தப் பரிசோதனை’!

“கரண்ட் போயிருச்சுங்க...” சோமனூர், பல்லடம் பக்கம் இந்தக் குரல் கேட்டால் தறிச் சத்தம் அடங்கிவிட்டது என்று அர்த்தம். மீட்டர் கணக்கில் கூலி வாங்கும் விசைத்தறிக்காரர்களுக்கு, தறி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான்.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் பழுதானால் வேறொன்றை மாற்றிவிடலாம். ஆனால், கோவை அருகே அரசூரில் இருப்பது போன்ற 400 கிலோவோல்ட் துணை மின் நிலையத்தில் நிற்கும் பவர் டிரான்ஸ்பார்மர் போனால்? புதிதாக ஆர்டர் கொடுத்து, செய்து, கொண்டுவந்து நிறுத்த ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம். அதனால்தான் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியம்.

உள்ளே என்ன இருக்கு?

செம்புக் கம்பிச் சுருள், அதைச் சுற்றிக் காகிதம், எல்லாவற்றையும் மூழ்கடிக்கும் எண்ணெய். காகிதமும் எண்ணெயும் சேர்ந்ததுதான் இன்சுலேஷன். எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். சுருளோடு ஒட்டியிருக்கும் காகிதத்தை அப்படி மாற்ற முடியாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து அதை மெல்ல மெல்ல நொறுங்க வைக்கும்.

திறக்காமலே எப்படித் தெரியும்?

உள்ளே சூடோ பொறியோ ஏற்பட்டால் எண்ணெயும் காகிதமும் சிதைந்து வாயுக்கள் உருவாகும். அவை எண்ணெயிலேயே கரைந்திருக்கும். சிரிஞ்சில் கொஞ்சம் எண்ணெய் எடுத்து லேப்பில் சோதித்தால் போதும்:

* ஹைட்ரஜன் மட்டும் கூடினால்: இன்சுலேஷனில் சிக்கிய குமிழிகளில் நுண்ணிய மின்பொறிகள் இருக்கலாம்.
* எத்திலீன் கூடினால்: எண்ணெய் கடுமையாகச் சூடாகிறது.
* அசிட்டிலீன் கூடினால்: உள்ளே ‘ஆர்க்’ அடிக்கிறது. இதுதான் பெரிய ஆபத்து.
* கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு கூடினால்: காகிதம் கருகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தைச் சேர்ந்த மிஷெல் டுவால், 1974-ல் இதற்கு ஒரு முக்கோண வரைபடத்தை உருவாக்கினார். மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றின் சதவீதத்தை அதில் குறித்தால், புள்ளி விழும் இடமே பழுதின் வகை. உதாரணமாக மீத்தேன் 20, எத்திலீன் 30, அசிட்டிலீன் 50 சதவீதம் என்றால், அது அதிக ஆற்றலுள்ள ஆர்க்.

அப்புறம் கம்ப்யூட்டர் எதுக்கு?

புள்ளி எப்போதும் தெளிவான இடத்தில் விழாது. இரண்டு பழுதுகள் சேர்ந்தே இருக்கலாம். எல்லைக்கோட்டில் விழுந்தால் அனுபவசாலிகளே குழம்புவார்கள். இங்கேதான் மெஷின் லேர்னிங் வருகிறது. பழைய எண்ணெய் முடிவுகளையும், டிரான்ஸ்பார்மரைத் திறந்தபோது கிடைத்த உண்மையான பழுதையும் சேர்த்துக் கொடுத்தால், அது வடிவங்களைக் கற்றுக்கொள்ளும். அளவு எவ்வளவு என்பதோடு, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் கவனிக்கும். ஆன்லைன் சென்சார் இருந்தால், அடுத்த சாம்பிள் எடுக்கும் நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

சிக்கல் எங்கே?

பெரும்பாலான டிரான்ஸ்பார்மர்கள் நலமாகவே இருக்கின்றன. 100 சாம்பிளில் 5-ல்தான் பழுது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ‘ஓகே’ என்று சொல்லும் சாஃப்ட்வேருக்கும் 95 மார்க் கிடைத்துவிடும். ஆனால், பிடிக்க வேண்டிய ஐந்தையும் அது கோட்டைவிட்டிருக்கும். ஆகவே “95 சதவீதம் துல்லியம்” என்று யாராவது சொன்னால், “பழுதானதில் எத்தனையைப் பிடிச்சுது?” என்று கேட்பதே சரி.

இதற்குத் தீர்வு சாஃப்ட்வேரில் மட்டும் இல்லை. எரிந்துபோன டிரான்ஸ்பார்மரைப் பிரித்தபோது எங்கே கருகியிருந்தது, கடைசி எண்ணெய் சோதனை என்ன சொன்னது என்று யாராவது ஒழுங்காக எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால்தான் கம்ப்யூட்டர் கற்கும். அடுத்த டிரான்ஸ்பார்மரைத் திட்டமிட்டு நிறுத்திச் சரிசெய்யலாம், தறிகளும் திடீரென நிற்காது.