கண்ணில் படரும் பழுப்பும் ஒரு துளி மருந்தும்

கண்ணாடி முன் நின்று உங்கள் கண்ணின் வெள்ளைப் பகுதியை உற்றுப் பாருங்கள். கருவிழியைச் சுற்றி இளம்பழுப்பு நிறம் தென்படலாம். கருநிறத் தோலுடைய நம்மவர் பலருக்கு இரு கண்களிலும் இது உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமியே இங்கும் படிந்திருக்கிறது. பெரும்பாலும் இதனால் தீங்கில்லை.

ஆனால், நடுவயதிலோ அதற்குப் பின்னோ ஒரு கண்ணில் மட்டும் புதிதாகப் பழுப்புத் திட்டு தோன்றிப் பரவினால் அசட்டையாக இருத்தல் கூடாது. வெண்ணிறத்தாரிடமே இது மிகுதி. மருத்துவர் அத்திட்டிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வார். நிறமிச் செல்கள் இயல்பாக இருந்தால் கவலையில்லை. அவை பெரிதும் உருத்திரிந்திருந்தால், மெலனோமா என்னும் கொடிய புற்றுநோயாக மாறக்கூடும்.

அறுத்து நீக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். சிறு திட்டை அவ்வாறே நீக்குகின்றனர். பரந்த திட்டில்தான் சிக்கல். திரிந்த செல்கள் நிறமின்றித் திட்டிற்கு வெளியிலும் ஒளிந்திருக்கலாம். அனைத்தையும் அறுக்கப் புகுந்தால் தழும்பு உண்டாகி, இமை விழியோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

இங்கே உதவுவது மைட்டோமைசின்-சி என்னும் சொட்டு மருந்து. 1950களில் ஜப்பானில் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நீலஊதா நிறப்பொருள் இது. செல்லினுள் இருக்கும் டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் இது பிணைத்துவிடுகிறது. இழைகள் பிரியாவிட்டால் செல் பெருக முடியாது.

வழக்கமான கரைசலின் செறிவு 0.04 விழுக்காடு, அதாவது 1 மில்லிலிட்டரில் 0.4 மில்லிகிராம். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். எனவே ஒரு துளியில் உள்ள மருந்து 0.02 மில்லிகிராமே! இமைத்தவுடன் அது கண்ணீரோடு கலந்து பரவி, கத்திக்குத் தப்பிய செல்களையும் எட்டுகிறது. நாளுக்கு நான்கு முறையாக ஓரிரு வாரம் இட்டு, இடையில் ஓய்வு தந்து, மீண்டும் இடுவது வழக்கம்.

நல்ல செல், தீய செல் என்று இம்மருந்து முற்றாகப் பிரித்தறியாது. கண் சிவக்கும், எரியும். அளவு மிஞ்சினால் கருவிழி விளிம்பிலுள்ள மூலச்செல்கள் அழிந்து பார்வையே மங்கலாம். ஓய்வு தருவது இதனால்தான். மேலும், மருந்தின் வேலை மேற்பரப்போடு முடிகிறது. திட்டு தடித்து முண்டாகிவிட்டால் அறுவையே வழி. திட்டு மறைந்த பின்னரும் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்.

ஆகவே, ஒரு கண்ணில் மட்டும் புதிய நிறம் படர்வதைக் கண்டால் காலம் தாழ்த்தாமல் கண் மருத்துவரை நாடுங்கள். திட்டு தட்டையாக இருக்கும்போதே சென்றால்தான் துளி மருந்துக்கு வேலை உண்டு.