மூடுவதற்கு முன் பாருங்கள்!

வீட்டில் உள்கூரை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

சித்திரை, வைகாசி மாதங்களில் திருப்போரூரில் மத்தியானம் வெளியே தலை காட்ட முடியாது. கந்தசாமி கோவில் வாசலில் கல் தரை காலைச் சுடும். சரி, வீட்டுக்குள் இருக்கலாம் என்றால் அங்கும் புழுக்கம்!

கீற்று வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஓட்டு வீட்டிலும் சந்து வழியாகச் சூடு வெளியேறும். இப்போது எல்லோரும் கான்கிரீட் தளம் போட்டுத்தான் கட்டுகிறார்கள். அந்தத் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. இரவில் அதை வீட்டுக்குள் கக்குகிறது. அதனால்தான் இரவு 10 மணிக்கும் மின்விசிறி அனல் காற்றை வீசுகிறது.

"மேலே ஒரு பால்ஸ் சீலிங் போட்டு விடுங்கள். குளுகுளு என்று இருக்கும்" என்று யாராவது சொல்கிறார்கள். காண்டிராக்டர் வருகிறார். செல்போனில் படம் காட்டுகிறார். கூரையில் பூ, ஓரத்தில் நீல விளக்கு. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப் போகிறது. சீட்டு எடுத்த பணம் அவர் கைக்குப் போகிறது.

வேலை முடிகிறது. விளக்கு எரிகிறது. புழுக்கம் மட்டும் போகவில்லை!

ஏன்?

பலகைக்கு மேலே என்ன?

பால்ஸ் சீலிங் என்பது தளத்துக்குக் கீழே போடும் இன்னொரு கூரை. உள்கூரை என்று சொல்லலாம். முதலில் தகரச் சட்டங்களைத் தளத்தில் இருந்து தொங்கவிடுகிறார்கள். அதில் ஜிப்சம் பலகைகளைத் திருகாணி போட்டு முடுக்குகிறார்கள். இணைப்புகளைப் பூசி மறைத்து, வர்ணம் அடிக்கிறார்கள்.

வெறும் பலகை ஓரளவுதான் சூட்டைத் தடுக்கும். அதற்கு மேலே கண்ணாடிப் பஞ்சு, பாறைப் பஞ்சு, தெர்மோகோல் போன்ற ஒன்றை இடைவெளி இல்லாமல் பரப்ப வேண்டும். அதுதான் உண்மையான வெயில் தடுப்பு. கான்கிரீட்டைவிடத் தெர்மோகோல் சுமார் 40 மடங்கு குறைவாகவே சூட்டைக் கடத்துகிறது.

இந்தப் பஞ்சு இருக்கிறதா, இல்லையா? கீழே நின்று பார்த்தால் தெரியாது! சட்டம் கெட்டியா, மெலிசா? அதுவும் தெரியாது. சுவர் கோணலாக இருந்தால் குழந்தைகூடச் சொல்லி விடும். தரை சரியில்லை என்றால் தண்ணீர் தேங்கிக் காட்டிக் கொடுக்கும். இந்த வேலையில் மட்டும் நல்லதும் கெட்டதும் பலகைக்குப் பின்னால் மறைந்து விடுகிறது.

ஏமாறுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கடலைக்குப் போடும் ஜிப்சம்

ஜிப்சம் நமக்குப் புதிய பொருள் அல்ல. நிலக்கடலை பூத்து விழுது இறங்கும்போது செடிக்கு மண் அணைத்துப் போடுகிறார்களே, அதேதான். அதைப் பொடி செய்து, சூடு காட்டினால் அதற்குள் இருக்கும் தண்ணீரில் பெரும் பகுதி போய் விடும். மறுபடி தண்ணீர் சேர்த்தால் கல்லாக இறுகும். கை முறிந்தவர்களுக்கு மாவுக் கட்டுப் போடுவதும் இதை வைத்துத்தான். இதற்கு "பிளாஸ்டர் ஆப் பாரிஸ்" என்று பெயர் வந்தது, பாரிஸ் நகரத்துச் சுரங்கங்களில் ஏராளமாகக் கிடைத்ததால்.

இதைப் பலகையாகச் செய்யும் வழிக்கு 1894-ம் ஆண்டு அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காப்புரிமை பெற்றார். காகிதத்தையும் பிளாஸ்டரையும் அடுக்கடுக்காக ஒட்டினார். அப்பளம் போல அடுக்கி விற்கலாம். பூச்சு காயும் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே அவசர அவசரமாக வீடுகள் கட்டியபோது இந்தப் பலகை எங்கும் பரவியது. இன்று அமெரிக்க வீடுகளில் உள்சுவர், கூரை எல்லாம் பெரும்பாலும் இதுதான்.

நம் ஊரிலும் ஒரு அதிசயம் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-ம் ஆண்டு, கண்ணாடி இழை கலந்த ஜிப்சம் பலகைகளை வைத்து 4 குடித்தனங்கள் கொண்ட மாடிக் கட்டிடத்தையே ஒரு மாதத்தில் எழுப்பிக் காட்டினார்கள். (அந்த ஐ.ஐ.டி.க்குத் திருப்போரூரை அடுத்த தையூரிலும் ஒரு வளாகம் இருக்கிறது.) ஆனால் அது வேறு வகைப் பலகை. உள்ளே குழல் குழலாக இருக்கும். அதில் கான்கிரீட்டும் கம்பியும் போட்டார்கள். காண்டிராக்டர் யாராவது "ஐ.ஐ.டி.யிலேயே இதில் வீடு கட்டியிருக்கிறார்கள்" என்று சொன்னால், உங்கள் கூரைக்கு வரும் பலகை அது அல்ல என்று தெரிந்து கொள்ளுங்கள்.

எத்தனை பலகை?

ஆளைப் பிடிப்பதற்கு முன்னால் நீங்களே அறையை அளந்து விடுங்கள். ஒரு டேப் போதும்.

அறை 12 அடி நீளம், 10 அடி அகலம் என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 120 சதுர அடி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பலகை 6 அடிக்கு 4 அடி. அதாவது 24 சதுர அடி. ஆகவே 5 பலகை. வெட்டும்போது வீணாவதற்கு ஒன்று சேர்த்தால் 6.

காண்டிராக்டர் கொடுக்கும் பில்லில் 160 சதுர அடி என்று இருக்கும்! திகைக்க வேண்டாம். எல்லா நேரமும் அது மோசடி ஆகாது. விளக்குக்காகக் கூரையில் படி படியாக இறக்கம் வைத்தால், அந்த இறக்கத்தின் பக்கவாட்டையும் அளப்பார்கள். விளக்குக்கு ஓட்டை போடத் தனிக் காசு. வர்ணம் தனி. சாரம் தனி. இதை எல்லாம் வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் சண்டைதான் வரும்.

விலை பேசும்போது, "கூலி மட்டுமா? பொருளும் சேர்த்தா?" என்பதை முதலில் தெளிவாக்குங்கள். பொருளும் சேர்த்து என்றால், என்ன பொருள் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். பலகை எந்தக் கம்பெனி, 12.5 மில்லிமீட்டர் தடிமனா, பஞ்சு எத்தனை அங்குலம், சட்டத்தின் தகடு எவ்வளவு கனம், எந்த தேதியில் முடியும் என்று எழுதட்டும். இருவரும் கையெழுத்துப் போடுங்கள். "அட, நம்பிக்கை இல்லையா அம்மா?" என்று அவர் கேட்கலாம். நல்ல மேஸ்திரி அப்படிக் கேட்க மாட்டார். அந்தத் தாள் அவருக்கும் பாதுகாப்புத்தானே?

அவர் வேலை செய்த வீடு ஒன்றைப் போய்ப் பாருங்கள். போன மாதம் முடித்த வீடு வேண்டாம். புதிதில் எல்லாம் பளபளப்பாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலத்தைத் தாண்டிய வீடாகக் கேளுங்கள். இணைப்புகளில் கோடு கோடாக விரிசல் இருந்தால், நாடா ஒட்டாமல் பூசிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம்.

பலகை ஏறுவதற்கு முந்திய நாள்

இதுதான் முக்கியமான நாள். அன்று வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். சட்டம் முழுவதும் தொங்கும். ஒயர் ஓடியிருக்கும். பலகை இன்னும் ஏறியிருக்காது. ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். ஏற முடியாத பெரியவர்கள் பையனை ஏற்றி போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

பலகை முடுக்கும் சட்டங்கள் ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம் இருக்க வேண்டும். அவற்றைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் 4 அடிக்கு ஒன்று. இரண்டரை அடி, மூன்று அடி என்று அகட்டி வைத்தால் தகரம் மிச்சம். லாபம் காண்டிராக்டருக்கு. பலகை தொய்வது உங்களுக்கு!

சட்டத்தைத் தாங்கும் பட்டைகள் தளத்தில் ஆணியடித்து நிற்கக்கூடாது. துளை போட்டு, உள்ளே விரியும் போல்ட் கொண்டு இறுக்கியிருக்க வேண்டும்.

மின்விசிறி? அதன் கொக்கி கான்கிரீட் தளத்தில்தான் மாட்டியிருக்க வேண்டும். உள்கூரைச் சட்டத்தில் மின்விசிறியைத் தொங்கவிடுகிறவர் எவராக இருந்தாலும் வேலையை நிறுத்துங்கள். இதில் தாட்சண்யம் வேண்டாம். கீழே குழந்தைகள் படுத்திருக்கும்.

ஒயர் எல்லாம் குழாய்க்குள் போகிறதா என்றும் பாருங்கள். சுவரில் ஒயர் நுழையும் ஓட்டைகளை அடைக்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் எலி குடியேறி, ராத்திரி முழுவதும் மேலே ஓட்டப் பந்தயம் நடத்தும்.

பஞ்சு பரப்பும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஆனால் கண்ணாடிப் பஞ்சு உடம்பில் பட்டால் அரிக்கும். தூள் மூக்கில் போகக்கூடாது. வேலைக்காரர்கள் முகமூடியும் கையுறையும் போட்டிருக்க வேண்டும். குழந்தைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பி விடலாம்.

உப்புக் காற்று

திருப்போரூருக்குக் கிழக்கே உப்பங்கழி. அதைத் தாண்டினால் நெம்மேலி, அப்பால் கடல். கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம் வரை எல்லாம் உப்புக் காற்று வீசும் ஊர்கள். கேளம்பாக்கம் பக்கம் உப்பு விளைந்த பூமி.

இந்தக் காற்றுக்கு இரும்பு தாங்காது. எனவே துத்தநாகம் பூசிய சட்டம்தான் வேண்டும். வெட்டிய முனைகளில் பூச்சு இருக்காது. அங்கே துரு பிடிக்கும். அந்த முனைகளுக்குத் துத்தநாக வர்ணம் தடவச் சொல்லுங்கள். வேறு வீட்டில் கழற்றிய பழைய சட்டங்களைக் கொண்டு வந்து மாட்டுகிறவர்களும் உண்டு. பழைய திருகாணி ஓட்டைகள் அதைக் காட்டிக் கொடுக்கும்.

ஜிப்சத்துக்குத் தண்ணீர் எதிரி. சமையல் அறைக்கும் குளியல் அறைக்கும் ஈரம் தாங்கும் பலகை தனியாக வருகிறது. அதன் காகிதம் பெரும்பாலும் பச்சையாக இருக்கும். அதுகூட ஈரப்பதத்தைத்தான் தாங்கும். மாடி ஒழுகினால் தாங்காது.

முதல் வேலை மொட்டை மாடியில்

எனக்குக் கேட்டால், உள்கூரை இரண்டாவது வேலை என்பேன். வெயில் விழுவது மாடியின் முதுகில். அங்கேயே தடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

நம் கொத்தனார்களுக்கு இது தெரிந்த வித்தைதான். செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து தளத்தின் மேல் "சுருக்கி" போடுவார்கள். அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரை பங்கு சுண்ணாம்பு என்பது தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையின் பழைய கணக்கு. மணல் கிடையாது. கட்டையால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். இன்று அவசரத்துக்குச் சிமெண்டைக் கொட்டி முடித்து விடுகிறார்கள். சுருக்கிக்கும் தட்டோட்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதும் மூடிய பிறகு தெரியாது. ஓடு பதிக்கும் முன் மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

பழைய வீடாக இருந்து, கையில் பணம் குறைவாக இருந்தால், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை வர்ணம் அடிக்கலாம். அல்லது வெள்ளை ஓடு பதிக்கலாம். உள்கூரை போடுவதானாலும், முதலில் மாடியில் தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். கீழே ஈரம் கசிந்தால், அதைச் சரி செய்யாமல் உள்கூரை போடக்கூடாது.

பணம் எப்போது?

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பொருள் வாங்க ஒரு பகுதி. பலகையும் சட்டமும் வீட்டில் வந்து இறங்கிய பிறகு ஒரு பகுதி. சட்டம் கட்டி, பஞ்சு வைத்து, நீங்கள் பார்த்த பிறகு ஒரு பகுதி. வர்ணம் முடிந்ததும் மீதி. அதிலும் பத்தில் ஒரு பங்கை ஐப்பசி, கார்த்திகை மழை முடியும் வரை நிறுத்தி வைப்பதாக அந்தத் தாளிலேயே எழுதிக் கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்குங்கள்.

பணத்தை வாங்கிக் கொண்டு ஆள் வரவில்லையா? வேலை மோசமா? சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வீட்டு வேலையில் வரும் குறைபாடும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1993-ம் ஆண்டு லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 2020 ஜூலையில் இருந்து புதிய நுகர்வோர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. செங்கல்பட்டில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இயங்குகிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால், மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை ஏற்பட்ட நாளில் இருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

அங்கே போகும்போது கையெழுத்திட்ட தாள், ரசீதுகள், பலகை ஏறுவதற்கு முந்திய நாள் பையன் எடுத்த போட்டோ, எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.