ஒன்பதாம் மாதத்து ஊசி

என் சாச்சியோடு கதைக்க வேண்டுமானால் நாங்கள் அவரது இடப்பக்கமாகப் போய் நிற்போம். வலது காது அவருக்குக் கேட்காது. சிறு வயதிலிருந்தே பழகிப்போன விடயம் என்பதால், ஏன் கேட்காது என்று நான் யாரிடமும் விசாரித்ததில்லை. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோன பிறகுதான் அதற்கான விடை எனக்குக் கிடைத்தது.

ராத்தாவின் மகளுக்கு அப்போது ஆறு மாதம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. சனிக்கிழமை பிள்ளையைக் கொண்டுவந்தால் சின்னமுத்துத் தடுப்பூசி போடலாம் என்று அவர் சொன்னார். ராத்தா தயங்கினார். "அது ஒன்பதாம் மாதத்து ஊசியெல்லோ? இப்ப என்னத்துக்கு?" என்றார். அவர் பொறுமையாக விளங்கப்படுத்திவிட்டுப் போனார். போனதும் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. மாமி கைபேசியில் வந்த செய்தியொன்றைக் காட்டிப் பயமுறுத்தினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உம்மம்மா கடைசியில்தான் வாய் திறந்தார்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, சாச்சிக்கு வயது எட்டு மாதம். ஊசிக் கார்ட் அலுமாரியிலேயே கிடந்துவிட்டது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்கள் நெருக்கமாக நின்ற அகதி முகாமில் சின்னமுத்து பரவியது. சாச்சியின் உடம்பில் போட்டிருந்த முத்துகள் ஒரு கிழமையில் மறைந்தன. ஆனால் காதிலிருந்து சீழ் வடியத் தொடங்கி, நாளடைவில் அந்தக் காது அடைத்தே போய்விட்டது. "இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தா ஊசி போட்டிருப்பம். அந்த ஒரு மாசம் எங்களுக்குக் கிடைக்கேல்ல" என்றார் உம்மம்மா.

அன்றிரவு எனக்கு மூன்று கேள்விகள் இருந்தன. ஏன் ஒன்பதாம் மாதம்? இப்போது ஏன் ஆறாம் மாதம்? ஒழிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட நோய் ஏன் திரும்பி வந்தது? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான், தேடியும் கேட்டும் அறிந்துகொண்டவற்றைச் சகோதரிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

சின்னமுத்து ஒரு வைரசு நோய். காய்ச்சல், இருமல், தடிமன், கண் சிவத்தல் என்று சாதாரணமாகத் தொடங்கும். சில நாட்களில் முகத்திலும் காதின் பின்புறத்திலும் சிவந்த தழும்புகள் தோன்றி உடல் முழுவதும் இறங்கும். தழும்பு தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே நோயாளி மற்றவருக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுவார். அவர் இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் அந்த வைரசு இரண்டு மணித்தியாலம் வரை தங்கியிருக்கலாம். எனவே 'சுகமில்லாத பிள்ளையோடு சேராதே' என்று தடுப்பது மட்டும் போதாது. யார் சுகமில்லாத பிள்ளை என்று தெரியவரும் முன்பே காரியம் முடிந்திருக்கும்.

'அந்த நாளில் எல்லாருக்கும் வந்ததுதானே, வேப்பிலையில் படுக்க வைத்தால் போய்விடும்' என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலானோர் பிழைத்தது உண்மைதான். ஆனால் காதழற்சி, வயிற்றோட்டம், நியூமோனியா, மூளையழற்சி ஆகியவை இந்த நோயின் பின்னால் வரக்கூடியவை. இன்னொன்றும் உண்டு. பிள்ளையின் உடல் ஏற்கனவே வேறு நோய்களுக்கு எதிராகச் சேமித்து வைத்திருக்கும் நிர்ப்பீடன நினைவையும் இந்த வைரசு அழிக்கிறது. அதனால் சின்னமுத்து மாறிய பிள்ளை மாதக் கணக்கில் வேறு தொற்றுகளுக்கு எளிதில் ஆளாகிறது.

இனி முதற் கேள்விக்கு வருவோம். தாயின் உடலிலுள்ள பிறபொருளெதிரிகள் சூல்வித்தகம் ஊடாகச் சிசுவுக்குச் செல்கின்றன. பிறந்த பின்னும் சில மாதங்களுக்கு அவை பிள்ளையைக் காக்கின்றன. தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரசு. அதை மிக முன்கூட்டியே செலுத்தினால், தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகளே அதை அழித்துவிடும். பிள்ளையின் உடல் எதையும் கற்றுக்கொள்ளாது. மிகப் பிந்திச் செலுத்தினால், தாயின் காவல் முடிந்து ஊசியின் காவல் தொடங்காத இடைவெளியில் நோய் நுழைந்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையில் தெரிவுசெய்யப்பட்டதே ஒன்பதாம் மாதம்.

இதை எங்கள் நாடு அனுபவத்தில் கற்றது. 1984இல் இலங்கையில் சின்னமுத்துத் தடுப்பூசி தொடங்கியபோது அது ஒன்பதாம் மாதத்தில் போடப்பட்டது. 2011இல் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசி அறிமுகமானபோது, முதலாவது ஊசி ஒரு வயதுக்குத் தள்ளப்பட்டது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் நோய் பரவியபோது ஒரு வயதை எட்டாத சிசுக்கள் பலர் பாதிக்கப்பட்டனர். 2015இல் ஊசி மீண்டும் ஒன்பதாம் மாதத்துக்கே கொண்டுவரப்பட்டது. மூன்று வயதில் இரண்டாவது ஊசி. ஒன்பதாம் மாதத்தில் ஊசி பெறும் பிள்ளைகளில் ஏறத்தாழ 85 வீதத்தினருக்கே முதல் ஊசியில் நிர்ப்பீடனம் உண்டாகும் என்பதால் இரண்டாவது அவசியமாகிறது.

அடுத்து, ஒழிந்த நோய் திரும்பி வந்த கதை. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடாக அறிவித்தது. ஒழிப்பு என்பதன் பொருள், நாட்டுக்குள்ளேயே நோய் தொடர்ந்து பரவுவது நின்றுவிட்டது என்பதுதான். வைரசு உலகைவிட்டே போய்விட்டது என்பதல்ல. 2023இல் நோயாளர் மீண்டும் இனங்காணப்பட்டனர். ஒன்பது மாதம் நிரம்பாத சிசுக்களும் அவர்களுள் இருந்தனர். ஆகவேதான் 2024 ஜனவரி 6ஆம் திகதி, யாழ்ப்பாணம் உட்பட 9 சுகாதார மாவட்டங்களில் 6 மாதம் முதல் 9 மாதம் வரையான பிள்ளைகளுக்கு மேலதிக ஊசி ஒன்று போடப்பட்டது. நோய் வாசலில் நிற்கும்போது, குறைந்தளவு பாதுகாப்பாவது முந்திக் கிடைப்பது நல்லது. ஒன்பதாம் மாதத்து ஊசியையும் மூன்று வயது ஊசியையும் அதற்குப் பிறகும் போட்டேயாக வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒருவருக்குமே நிர்ப்பீடனம் இல்லாத ஊரில் ஒரு சின்னமுத்து நோயாளி 12 முதல் 18 பேர் வரை தொற்றைக் கொடுப்பார். 18 என்றே வைப்போம். ஊரில் 95 வீதமானோருக்கு நிர்ப்பீடனம் இருந்தால், அந்தப் பதினெட்டில் எஞ்சுவது 0.9. அதாவது ஒரு நோயாளி இன்னொருவரைக்கூட முழுதாக உருவாக்க முடியாது. நோய் தானாக அணைந்துவிடும். நிர்ப்பீடனம் உள்ளோர் 80 வீதமானால் எஞ்சுவது 3.6. ஒருவரிலிருந்து மூவர், நால்வர். அவர்கள் ஒவ்வொருவரிலிருந்தும் மேலும் மூவர், நால்வர்.

நாடு முழுவதற்கும் 95 வீதம் என்ற எண் எங்கள் தெருவைக் காப்பாற்றாது. மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள், ஒரே குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைகள், எல்லோரும் கூடும் கலியாண வீடுகள் என்று வாழ்பவர்கள் நாங்கள். ஊசி தவறிய பிள்ளைகள் ஒரே தெருவில் சேர்ந்துவிட்டால் வைரசுக்கு அந்தத் தெருவே போதும். அப்போது முதலில் அகப்படுவது, ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தை. அந்தப் பிள்ளைக்குரிய பாதுகாப்பு சுற்றியுள்ள எங்கள் கைகளில்தான் இருக்கிறது.

மாமிக்கு வந்த செய்தி, இந்த ஊசியால் பிள்ளைகளுக்கு ஓட்டிசம் வரும் என்றது. 1998இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து கிளம்பிய பயம் அது. அக்கட்டுரை பிழையானதென்று 2010இல் அதை வெளியிட்ட சஞ்சிகையே மீளப்பெற்றது. எழுதிய வைத்தியரின் பதிவும் இரத்தானது. ஊசி போட்டு ஒரு கிழமை அளவில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோ இலேசான தழும்போ வரலாம். அது ஓரிரு நாட்களில் மாறிவிடும்.

"இதில் ஹராமான பொருள் ஏதும் இருக்குமோ?" என்பது மற்றொரு கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். சில தடுப்பூசிகளில் ஜெலட்டின் சேர்க்கப்படுவதுண்டு. 1995இல் குவைத்தில் கூடிய மார்க்க அறிஞர்களும் வைத்திய அறிஞர்களும் இதை ஆராய்ந்து, மூலப்பொருளின் தன்மை முற்றாக மாறிவிட்டால் அது வேறொரு பொருளாகிவிடுகிறது, ஆகுமானது என்ற முடிவுக்கு வந்தனர். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடுவது கட்டாயம் என்பதும் எங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்ததே. தவிர, சின்னமுத்தையும் பெரியம்மையையும் வேறு வேறு நோய்களென முதன்முதலில் விரிவாகப் பிரித்து எழுதியவர் அல்-ராஸி என்ற முஸ்லிம் மருத்துவ அறிஞர். ஐரோப்பா தடுப்பூசியை அறியும் முன்பே, பெரியம்மைக்கு எதிராகத் தோலைக் கீறி மருந்திடும் முறை துருக்கியில் வழக்கில் இருந்தது. அதைச் செய்தவர்கள் வயது முதிர்ந்த பெண்கள். 1717இல் அதைக் கண்ட ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி மொன்டேகுவே அதை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார்.

பெண் பிள்ளைகளாகிய எங்களுக்கு இதில் தனிப் பங்குண்டு. ருபெல்லா கர்ப்பிணியைத் தொற்றினால் வயிற்றிலுள்ள சிசுவின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். கர்ப்ப காலத்தில் அந்த ஊசியைப் போட முடியாது. எனவே திருமணத்துக்கு முன்பே கார்டைப் பார்த்து, விடுபட்டிருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும். 2017 முதல் பாடசாலைகளில் ஆறாம் தர மாணவியருக்குப் போடப்படும் இரண்டு ஊசிகள் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பவை. ஊசிக்குப் பயந்து அன்று பாடசாலைக்கு வராமல் நின்ற தங்கையர் இருந்தால், வகுப்பாசிரியரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். தவறிய ஊசியைப் பிறகும் போடலாம். கார்ட் தொலைந்தவர்களும் வெட்கப்படாமல் போய்ச் சொல்லுங்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை ராத்தாவோடு நானும் போனேன். பிள்ளை ஒரு தரம் வீரிட்டு அழுதது. வீடு திரும்பும் வழியிலேயே உறங்கிவிட்டது. உம்மம்மா கார்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திகதியைப் பார்த்தார். பிறகு காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்திருக்கும் பையை எடுத்து, அதற்குள் பத்திரமாக வைத்தார். எந்த நேரமும் தூக்கிக்கொண்டு புறப்படக்கூடியதாக அவர் வைத்திருக்கும் பை அது. சாச்சி தன் இடப்பக்கமாகப் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு அதன் மூச்சைக் கேட்டபடி இருந்தார்.