இறக்கையை விரிக்க எத்தனை சென்ட் வேண்டும்?

ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில், பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஓடுதளம் இருக்கிறது. பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகம் வடிவமைத்த 'ஹன்சா' என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் இந்த நிறுவனத்தில்தான் தயாரானது. சுற்றுவட்டாரக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் தலைக்கு மேலே போகும் விமானத்தின் வயிறுதான். ஆனால் தகடு வெட்டுவது, துளை போடுவது, ரிவெட் அடிப்பது என்று உள்ளே நடக்கும் வேலையில் பாதி, சிப்காட்டில் நம் பிள்ளைகள் ஒப்பந்தக் கூலிக்கு மூன்று ஷிப்டிலும் செய்கிற வேலைக்குச் சொந்தக்கார வேலை.

அப்படியானால் வீட்டிலேயே ஒரு விமானம் செய்துவிட முடியுமா? செய்தவர் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறார். இடுக்கி மாவட்டம் தொடுபுழாவை அடுத்த தட்டக்குழாவைச் சேர்ந்த சஜி தாமஸ், பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கொண்டே, நிலத்தை விற்று, மனைவி மரியாவின் துணையோடு வருடக்கணக்கில் உழைத்து, இருவர் உட்காரும் சிறு விமானம் கட்டினார். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே.நாயர் கைகொடுத்தார். 2014-ல் அது பறந்தது நம் திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாறில்.

மும்பை காந்திவலியில் விமானி அமோல் யாதவ், கூட்டுக் குடும்பம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் கட்டினார். லிஃப்ட் கிடையாது, இன்ஜினையும் படிவழியாகத்தான் தூக்கினார்கள். 2016-ல் கிரேன் வைத்து இறக்கினார்கள். பறக்க அனுமதி கிடைத்தது 2019-ல்தான்.

இருவரின் திறமையையும் உழைப்பையும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒருவருக்கு விற்க நிலம் இருந்தது, மற்றவருக்கு மாடி இருந்தது. நம் மக்களுக்கு அரசு தரும் இலவச மனை 2 அல்லது 3 சென்ட். இருவர் செல்லும் விமானத்தின் இறக்கை ஏறத்தாழ 30 அடி. வீடு கட்டியது போக மிச்சத்தில் அதை எங்கே விரிப்பது? 1892-ல் வெள்ளையர் ஆட்சியில் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது என்று பாட்டிமாரைக் கேளுங்கள். குறை கையில் இல்லை, இடத்தில்தான்.

2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அங்கே பெட்டி தூக்கவும் தரை துடைக்கவும் மட்டும்தான் நம் பிள்ளைகள் போக வேண்டுமா? பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய ஆதிதிராவிடர் கல்வி உதவித்தொகையில், வணிக விமானி உரிமப் பயிற்சி முதல் பிரிவிலேயே இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்புக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே இதை நினைவில் வையுங்கள், தம்பி தங்கைகளே.

இன்னொன்று, மாவட்ட நிர்வாகத்துக்கு. சாயங்காலம் பூட்டிக் கிடக்கும் அரசு ஐ.டி.ஐ. பட்டறைகளில் ஒரு மூலையை, பயிற்றுநர் மேற்பார்வையில், இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். ஒரு லேத், ஒரு வெல்டிங் மெஷின், 30 அடி தரை போதும்.