ஆம்பிளிஃபையருக்கு எர்த் ஏன் வேண்டும்?

கெடாவில் தைப்பூசம், தீமிதி என்று வந்துவிட்டால் சுங்கைப்பட்டாணி, பீடோங், லூனாஸ் பக்கமெல்லாம் ஒலிபெருக்கி முழங்கும். கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலைகளில் பகலெல்லாம் சர்க்யூட் போர்டு பார்க்கும் கைகளுக்குச் சொந்தமாக ஒரு ஆம்பிளிஃபையர் கட்டுவது பெரிய வேலையில்லை. ஆனால் உயிர் விஷயம் பெட்டியின் பின்பக்கம், கம்ப்யூட்டர் கேபிள் செருகும் அந்த மூன்று ஊசி இன்லெட்டில் இருக்கிறது.

இன்லெட்டின் முதுகில் எல் (லைவ்), என் (நியூட்ரல்), எர்த் குறிகள் பொறித்திருக்கும். முன்னாலிருந்து பார்ப்பது பின்னால் இடவலம் மாறும். ஞாபகத்தை நம்பாமல் குறியைப் பார்த்தே வயரை இணையுங்கள். பிரவுன் எல்லுக்கு, நீலம் என்னுக்கு, பச்சை-மஞ்சள் எர்த்துக்கு. எல் வயர் முதலில் ஃபியூஸுக்கும், பிறகு சுவிட்சுக்கும் போகவேண்டும். பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ் கேபிளைத்தான் காக்கும், உங்கள் டிரான்ஸ்பார்மரை அல்ல.

எர்த் வயருக்குத் தனிக் கவனம் வேண்டும். பெட்டியின் பெயிண்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த இடத்தில், வளைய முனை கிரிம்ப் செய்த வயரைப் பல்வைத்த வாஷரோடு ஒரு போல்ட்டில் இறுக்குங்கள். அந்தப் போல்ட்டுக்கு வேறு வேலை தராதீர்கள். டிரான்ஸ்பார்மர் போல்ட்டோடு சேர்த்தால், என்றாவது டிரான்ஸ்பார்மரைக் கழற்றும்போது எர்த்தும் கழன்றுவிடும். மற்ற இரண்டையும்விட இந்த வயர் சற்று நீளமாக இருக்கட்டும். இன்லெட் இழுபட்டால் இதுவே கடைசியில் அறவேண்டும்.

உள்ளே எல் வயர் கழன்று பெட்டியில் பட்டால், எர்த் வழியே பாயும் கரண்ட் ஃபியூஸை எரிக்கும், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யை விழவைக்கும். எர்த் இல்லையென்றால் பெட்டி 230 வோல்ட்டில் சும்மா நிற்கும். கோயில் வாசலில் ஈரத் தரையில் வெறுங்காலோடு மைக் பிடிப்பவரின் உடம்புதான் பிறகு எர்த். எர்த் துளையில் குச்சியைக் குத்தி இரண்டு ஊசிப் பிளக்கைத் திணிக்கும் நம் ஊர் வழக்கமும் இதே ஆபத்துதான்.

மிக்ஸரையும் ஆம்பிளிஃபையரையும் வெவ்வேறு சாக்கெட்டில் செருகினால் ஙொய்யென்று இரைச்சல் வரும். இரண்டு எர்த் வழிகள் வளையமாகச் சேர்வதே காரணம். எர்த்தை வெட்டினால் இரைச்சல் நிற்கும் என்று சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். சிக்னல் வயரில் ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டாலே போதும், பெட்டியின் எர்த் அப்படியே இருக்கும்.

மூடுமுன் பிளக்கைப் பிடுங்கி மீட்டரை வையுங்கள். எர்த் ஊசிக்கும் பெட்டிக்கும் ஏறக்குறைய 0 ஓம் காட்டவேண்டும். மற்ற ஊசிகளுக்கும் பெட்டிக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. முதல்முறை கரண்ட் கொடுக்கையில் எல் வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணையுங்கள். பல்பு மின்னி மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கி, உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறதென்று தேடுங்கள்.