லயத்து முற்றத்தில் லவெண்டர்

மலையகத்தின் பொருளாதார வரலாறு ஒருவகையில் வெளியிலிருந்து கொணரப்பட்ட தாவரங்களின் வரலாறாகும். 1861இல் சிங்கோனாச் செய்கைக்காக ஹக்கலைப் பூங்கா தோற்றுவிக்கப்பட்டது. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிடப்பட்டது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், தேயிலையே மலைகளை மூடியது. இவையனைத்தும் தொழிலாளரின் கைகளால், பிறரது சந்தைக்காக நடப்பட்டவை. இவற்றினின்றும் வேறாக, ஒரு குடும்பம் தன் தேவைக்கென விதையிலிருந்து வளர்க்கத்தக்க லவெண்டர்ச் செடியை இறம்பொடைச் சூழலில் வைத்து நாம் இங்கு நோக்குவோம்.

லவெண்டர் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த வரண்ட, கற்பாங்கான சரிவுகளே அதன் தாயகம். இறம்பொடையோ 109 மீற்றர் உயர அருவியால் பெயர்பெற்ற ஈரப் பிரதேசம். தேயிலை விரும்பும் மண்ணின் பி.எச். பெறுமானம் சுமார் 4.5 முதல் 5.5 வரையாகும், லவெண்டருக்கு உகந்ததோ 6.5 முதல் 7.5 வரை. ஆகவே தேயிலை செழிக்கும் மண்ணில் அதனை நேரே நடுதல் பயன் தராது. கற்களை அடுக்கி உயர்த்திய பாத்தியில் மண்ணுடன் மணலும், தோட்டங்களில் நன்கறியப்பட்ட டொலமைற்றும் கலந்து நடுவதே சிறந்த முறை. அதற்கு வசதியில்லாதோர் அடியில் துளையிட்ட சட்டியில் இக்கலவையை இட்டு, வெயில் படும் இடத்தில் வைத்து, அடைமழையின்போது கூரையின் கீழ் ஒதுக்கலாம்.

லவெண்டர் விதை உறங்கும் இயல்புடையது. குளிர்காலம் கழிந்த பின்னரே அது விழித்தெழுகின்றது. எனவே விதைகளை ஈரமணலுடன் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் மூன்று, நான்கு வாரங்கள் வைத்தல் வேண்டும். இவ்வாறு செய்யாவிடினும் சில விதைகள் முளைக்கும். ஆனால் எண்ணிக்கை குறையும். முளைத்தலுக்கு ஒளி உதவுவதால், விதையை ஆழப் புதைக்காது மேற்பரப்பில் தூவி மெல்ல அழுத்துதல் போதும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளை தோன்றும். மழை குறைந்த தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை.

விதையிலிருந்து தோன்றும் செடிகள் யாவும் ஒன்றுபோல் இரா. விதைத் தேயிலைக்கும் வி.பி. தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த தோட்டத் தொழிலாளிக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஆனால் கவ்வாத்து விடயத்தில் அவரது அனுபவம் சற்று மாறவேண்டும். கவ்வாத்து வெட்டப்பட்ட தேயிலை முதிர்ந்த கட்டையிலிருந்தும் துளிர்க்கும். லவெண்டரின் இலையற்ற முதிர்தண்டு பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. பூத்து முடிந்ததும் பசுமையான பகுதியை மாத்திரம் நறுக்குதல் வேண்டும்.

உலர்ந்த பூக்களைத் துணிப்பையிலிட்டு உடைகளிடையே வைத்தால் அந்துப்பூச்சி அணுகுவது குறையும். சவர்க்காரத்திலும் வாசனைப் பொருள்களிலும் பயன்படும் எண்ணெய், பூக்களை நீராவியால் வடித்துப் பெறப்படுகின்றது. இது சில செடிகளைக் கொண்டு வீட்டில் நிறைவேறுவதன்று. கடையில் வாங்கும் எண்ணெயையும் உட்கொள்ளலாகாது.

எனினும் இச்செடி முழுமையாகப் பூக்க ஏறத்தாழ மூன்றாண்டுகள் செல்லும் என்பதே இங்கு முக்கியமானது. 1975இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் காணிகள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பெரும்பாலும் கம்பனிகளிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டது. இவ்விரு மாற்றங்களின்போதும் லயத்து முற்றம் அதில் வாழ்ந்தோருக்கு உரித்தாகவில்லை. சில மாதங்களில் பலன்தரும் கீரையையும் போஞ்சியையும் எவரும் பயிரிடலாம். பல்லாண்டுச் செடியை நடுபவருக்கோ அம்மண்ணில் நிலைத்திருக்கும் உறுதி வேண்டும். ஜம்முவின் பதர்வாப் பகுதியில் சோளம் பயிரிட்ட சிறு விவசாயிகள் லவெண்டருக்கு மாறியமைக்கு அரசின் ஆராய்ச்சி நிறுவனம் வழங்கிய நாற்றும் வடிகலமும் துணைநின்றன. ஆனால் அவர்கள் தம் நிலத்தில் நின்றே அம்மாற்றத்தைச் செய்தனர்.

அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்கள் சிலவற்றில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்பது அளவாகக் கொள்ளப்பட்டது. உறுதிப்பத்திரம் பெற்ற குடும்பம் கல்லடுக்கிப் பாத்தி அமைக்கலாம். லயத்தில் இன்னும் வாழும் குடும்பத்துக்குச் சட்டியே உகந்தது. வெளியேறும் நாளில் அதனைத் தூக்கிச் செல்லலாம். லவெண்டர் வளர்ப்பு குறித்து நாம் இறம்பொடைக்குக் கூறும் அறிவுரை இவ்வாறு இரண்டாகப் பிரிவதற்கு மண்ணின் அமிலத்தன்மை மாத்திரம் காரணமன்று.