ஆலைத் தொழிலாளர்களின் உணவு: நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் ஒரு விளக்கம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்க்கும் ஆண்டுகளில் இங்குள்ள பல குடும்பங்களைத் தாங்குவது நூற்பாலைக் கூலியே. இன்று ஆலைகளில் உள்ளூர் மக்களுடன் ஒடிசா, பீகார் போன்ற மாநிலத்தவரும் பணிபுரிகின்றனர். உணவுப் பழக்கங்கள் வேறுபட்டாலும், நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் எல்லோரிடமும் காணப்படுகின்றன.

"சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுங்கள்" என்று நானும் பல ஆண்டுகள் அறிவுறுத்தியுள்ளேன். அது அரைகுறையான அறிவுரை. ஒரு கிண்ணம் சோற்றில் உள்ள மாவுச்சத்து, சிறிய சப்பாத்திகள் மூன்றிலும் ஏறத்தாழ உண்டு. ஆறு சப்பாத்தி உண்பவருக்கு இரத்தச் சர்க்கரை எவ்வாறு குறையும்? வடக்கிலிருந்து வந்தோர் அனைவரும் கோதுமை உண்பவர்கள் என எண்ணுவதும் தவறு. ஒடிசா மக்களுக்குச் சோறே முதன்மை உணவு. அவர்கள் விரும்பி உண்ணும் 'பகாளா' நம் பழைய சோற்றைப் போன்றதே.

எனவே எவரும் தம் உணவைக் கைவிட வேண்டியதில்லை. அளவை மாற்ற வேண்டும். பாதித் தட்டில் காய்கறியும் கீரையும், கால் தட்டில் பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன், எஞ்சிய காலில் சோறு அல்லது சப்பாத்தி இருக்கட்டும். நம் பகுதியில் விளையும் குதிரைவாலி நல்ல தானியம். ஆயினும் அதிலும் மாவுச்சத்து உண்டு என்பதால் அதுவும் அந்தக் கால் பங்கிற்குள் அடங்க வேண்டும்.

பீகார் தொழிலாளர்களிடம் நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. வறுத்த கடலை மாவை நீரில் கரைத்து, எலுமிச்சைச் சாறும் வெங்காயமும் சேர்த்து 'சத்து' என அருந்துவர். நம் பொட்டுக்கடலையை அரைத்தும் இதைச் செய்யலாம். இடைவேளையில் இனிப்புத் தேநீருக்கும் பன்னுக்கும் பதிலாக இது புரதமும் நார்ச்சத்தும் தரும். சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே அருந்த வேண்டும்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருத்தல் நலம். கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், காராச்சேவு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். எண்ணெய்ப் பரோட்டாவை அடியோடு நிறுத்தச் சொன்னால் இம்மாவட்டத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. எப்போதாவது ஒன்று என்று குறைத்தால் அதுவே முன்னேற்றம்.

தொழிலாளரின் மனவுறுதி மட்டும் போதாது. ஆலை உணவகத்தில் கிடைப்பதையே அவர் உண்ண முடியும். 250 பேருக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளில் உணவகம் அமைக்கச் செய்யவும், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறவும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வழிவகுத்தது. அத்தகைய குழு இருக்குமிடத்தில், கூடுதலாக ஒரு காய்கறி, சர்க்கரை இல்லாத தேநீர், மேசையில் உப்புக் கிண்ணம் வைக்காமை ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறலாம்.

இரவுப் பணிக்குச் செல்லும் நீரிழிவு நோயாளிகளின் குடும்பத்தினர் ஒன்றைத் தவறாது கவனிக்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு உண்ணாமல் சென்றால், நள்ளிரவில் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். ஓடும் இயந்திரத்தின் அருகில் நிற்பவருக்கு இது உயிராபத்து. உடனே இயந்திரத்தை விட்டு விலகி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்த வேண்டும். 15 நிமிடங்களில் தெளியாவிடில் மீண்டும் அருந்தி, மருத்துவ உதவி பெற வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்கவும். பணிநேரம் மாறும் ஒவ்வொரு முறையும் மாத்திரை நேரத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளவும்.